கடன் நம் பேரில், சாவி யார் கையில்? புதுக் காரைத் தெரிந்துகொள்வோம்



முன்பெல்லாம் நம் குழுக்களில் கடன் மனு எழுதினால் கறவை மாடு, தையல் மெஷின், இட்லிக் கடை என்றுதான் இருக்கும். இப்போது அஸ்தினாபுரம், நெமிலிச்சேரி, செம்பாக்கம் பக்கத்துக் குழுக்களில் வேறு பேச்சு வருகிறது. "பையனுக்கு டாக்ஸி ஓட்ட கார் எடுக்கணும் மேடம், முன்பணம் கொஞ்சம் குறையுது" என்கிறார்கள். அகரம்தென், மதுரபாக்கம் பக்கத்துக் குழுக்களிலும் இதே பேச்சுதான். நல்ல விஷயம். நம் வீட்டு வாசலில் கார் நிற்பது சந்தோஷம்தானே!

கார் எடுக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். ஷோரூமில் மாலை போட்டு, ஸ்வீட் கொடுத்து, சாவியைப் பெரிய அட்டையாகச் செய்து கையில் கொடுத்து போட்டோ எடுப்பார்கள். அங்கிருந்து நேரே கோயில். சிலர் சென்னை பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகாட் முனீஸ்வரர் கோயில் வரை போய் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வருவார்கள். இதற்கெல்லாம் ஒரு முழு நாள் செலவாகும். காரில் எது எதற்கு என்று ஷோரூம் பையன் சொல்லிக் காட்டுவது மட்டும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் நாம் பின்னால் நின்று சேலையைச் சரிசெய்துகொண்டிருப்போம்!

"சாமி விளக்கு மாதிரி எரியுதேடா"

அஸ்தினாபுரத்தில் ஒரு குழு உறுப்பினர் அக்கா. பேர் வேண்டாம். மகனுக்காகக் கார் எடுத்தார். முன்பணத்துக்குக் குழுவில் உள்கடன், மீதிக்கு வெளியில் கடன். இரண்டிலும் கையெழுத்து அக்காவுடையது. மூன்றாம் மாதம், வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் ரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். ஒரு வேகத்தடையில் காரின் அடிப்பக்கம் 'டங்' என்று இடித்தது. கொஞ்ச தூரம் போனதும், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

பக்கத்து சீட்டில் இருந்த அக்காதான் முதலில் பார்த்தார். "டேய், சாமி விளக்கு மாதிரி ஒண்ணு எரியுதேடா" என்று கேட்டார். "அது ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் போய் பாத்துக்கலாம்" என்றான் மகன். கொஞ்ச நேரத்தில் கடகடவென்று சத்தம் வந்து எஞ்சின் நின்றுவிட்டது.

அந்த விளக்கு எஞ்சின் ஆயில் விளக்கு. அடிப்பக்கம் இடித்ததில் ஆயில் தொட்டி விரிசல் விட்டு ஆயில் முழுக்க ஒழுகிவிட்டது. ஆயில் இல்லாத எஞ்சினில் இரும்பும் இரும்பும் உரசி ஒட்டிக்கொள்ளும். விளக்கு எரிந்ததும் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்திருந்தால் தொட்டியை மட்டும் மாற்றியிருக்கலாம். எஞ்சினையே பிரிக்க வேண்டி வந்தது. கார் ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்களிலும் தவணை நிற்கவில்லை. அக்கா நகையை வைத்துக் கட்டினார்.

"நான் பாத்தேன் மேடம். என்னன்னுதான் தெரியல" என்று அவர் சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. கடன் நம் பேரில் இருக்கும்போது, காரைப் பற்றிய விவரம் மட்டும் மகனிடமும் வீட்டுக்காரரிடமும் இருந்தால் போதுமா? வண்டி ஓட்டத் தெரியாவிட்டாலும், பக்கத்தில் உட்காருபவருக்கும் இது தெரிய வேண்டும்.

விளக்குகளின் பாஷை

சாவி போட்டதும் எதிரே இருக்கும் பலகையில் பல விளக்குகள் ஒன்றாக எரியும். பயப்பட வேண்டாம். விளக்குகள் வேலை செய்கின்றனவா என்று கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. எஞ்சின் ஓட ஆரம்பித்த சில விநாடிகளில் எச்சரிக்கை விளக்குகள் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றாலோ, ஓடும்போது புதிதாக எரிந்தாலோ கார் நம்மிடம் ஏதோ சொல்கிறது என்று அர்த்தம்.

நிறத்தை வைத்தே பாதி புரிந்துகொள்ளலாம். சிக்னல் மாதிரிதான். சிவப்பு என்றால் நிறுத்து. மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டு. பச்சையும் நீலமும் சும்மா தகவல். நீலத்தில் ஹெட்லைட் படம் தெரிந்தால் ஹைபீம் எரிகிறது என்று பொருள்.

சிவப்பில் நான்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

• மூக்கு வைத்த எண்ணெய்க் கிண்டி, நுனியில் ஒரு சொட்டு: எஞ்சின் ஆயில் அழுத்தம் குறைந்துவிட்டது. உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும்.

• தண்ணீரில் நிற்கும் காய்ச்சல் மானி: எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. நிறுத்தி அணைத்து ஆறவிட வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. குக்கர் விசில் அடங்குவதற்குள் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அதேதான்.

• பிளஸ், மைனஸ் போட்ட பெட்டி: பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை. வழியில் நின்றுவிடலாம்.

• வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி: ஹேண்ட் பிரேக் போட்டபடி இருக்கலாம். அதை எடுத்தும் அணையாவிட்டால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அந்தக் காரை ஓட்டக் கூடாது.

மஞ்சளில் மூன்று போதும். எஞ்சின் படம், 'ஏ.பி.எஸ்.' என்ற எழுத்து, குதிரை லாடம் மாதிரி வளைவுக்குள் ஆச்சரியக்குறி. கடைசியில் சொன்னது டயரில் காற்று குறைவு என்பதற்கு. எல்லாக் காரிலும் இது இருக்காது.

இன்னொரு சின்ன விஷயம். பெட்ரோல் அளவு காட்டும் இடத்தில் ஒரு பங்க் படமும், பல கார்களில் அதன் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறியும் இருக்கும். டேங்க் மூடி காரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அந்த அம்பு காட்டும். இதை மகனிடம் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது!

பெல்ட்டும் காற்றுப் பையும்

2019 ஜூலை 1-லிருந்து நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களில் டிரைவருக்கு ஏர்பேக், முன் சீட்டில் இருவருக்கும் பெல்ட் போடச் சொல்லும் ஒலி, வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கும் ஒலி, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் தடை இருந்தால் சொல்லும் சென்சார் ஆகியவை கட்டாயம். முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்காருபவருக்கும் ஏர்பேக் 2021-ல் கட்டாயமானது.

'ஏர்பேக்தான் இருக்கே, பெல்ட் எதுக்கு?' என்று பலர் நினைக்கிறோம். அது தவறு. மோதினால், ஒரு விநாடியை இருபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அந்தப் பை வெடித்து விரிகிறது. பெல்ட் நம்மைச் சீட்டோடு பிடித்து வைத்திருந்தால்தான் விரிந்த பையில் தலை மெத்தென்று விழும். பெல்ட் இல்லாவிட்டால் நாம் முன்னால் பாய்வோம், பை எதிரே பாய்ந்து வரும். காப்பாற்ற வேண்டியதே அடித்துவிடும்.

இதனால் சில விஷயங்களில் கவனம் வேண்டும்.

ஏர்பேக் இருக்கும் முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்து உட்காரக் கூடாது. நமக்கும் பைக்கும் நடுவில் குழந்தை மாட்டிக்கொள்ளும். குழந்தைகள் பின் சீட்டில், முடிந்தால் குழந்தைகளுக்கான தனி சீட்டில் இருக்கட்டும்.

எதிரே 'ஏர்பேக்' என்று எழுதியிருக்கும் இடத்தின் மேல் பிள்ளையார் சிலை, பொம்மை எதையும் ஒட்ட வேண்டாம். பை வெடித்தால் அது கல் மாதிரி முகத்துக்கு வரும். சாமியை நடுவில் சின்னப் படமாக வைத்துக்கொள்ளலாம்.

டிரைவரின் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலாவது இடைவெளி வேண்டும்.

கர்ப்பிணிப் பெண்களும் பெல்ட் போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் போகாமல் வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பில் படிய வேண்டும். மேல்பட்டை மார்புக்கு நடுவில் வர வேண்டும். சேலை கசங்கும் என்று பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

பெல்ட் போடாமலே சத்தத்தை நிறுத்த வெறும் கொக்கி ஒன்றை வாங்கிச் செருகுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இதை விற்பனையிலிருந்து நீக்கும்படி இணைய வியாபார நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் உத்தரவு போட்டது.

பின் சீட்டுக்கும் பெல்ட் உண்டு. 2022 செப்டம்பரில் பெரிய தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்கு அருகே பால்கர் மாவட்டத்தில் கார் விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த கார்தான். பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. பெல்ட் போடாவிட்டால் அபராதம் 1000 ரூபாய். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் போடாவிட்டாலும் அதே அபராதம்தான்.

பிரேக் துடித்தால் காலை எடுக்காதே

மழை நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் திடீரென்று குறுக்கே யாராவது வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிப்போம். பழைய கார்களில் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிக்கொண்டே போகும், ஸ்டீயரிங் திருப்பினாலும் கேட்காது. ஏ.பி.எஸ். என்ற வசதி, சக்கரம் பூட்டாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அப்போது காலுக்கடியில் பெடல் துடிக்கும், கடகட சத்தமும் வரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுபவர்கள் உண்டு. எடுக்கக் கூடாது. அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒதுங்க வேண்டும். வண்டி ஓட்டும் மகளுக்கும் மகனுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில்

பின் கதவைத் திறந்து அதன் விளிம்பில் பாருங்கள். சின்ன நெம்புகோல் ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாது, வெளியிலிருந்துதான் திறக்கலாம். ஓடும் காரில் பிள்ளைகள் கதவைத் திறந்துவிடாமல் இருக்க இந்த வசதி.

வெயிலில் நிறுத்திய காரில் 'ரெண்டே நிமிஷம்' என்று குழந்தையை விட்டுப் போகாதீர்கள். மூடிய கார் சீக்கிரமே அடுப்பு மாதிரி ஆகிவிடும். சாவியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை மூடி, ஏ.சி.யில் தூங்குவதும் ஆபத்து. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

மழைக்காலம் வருகிறது

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறக்கவே மாட்டார்கள். தண்ணீரில் நின்ற காரைப் பார்த்ததும் 'ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்' என்று சாவி போடுவதுதான் பெரிய தப்பு. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. தண்ணீர் புகுந்த எஞ்சினைச் சுற்றினால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். தள்ளியோ கட்டி இழுத்தோதான் கொண்டுபோக வேண்டும். சாதாரண இன்சூரன்சில் இப்படி எஞ்சின் கெட்டால் பெரும்பாலும் பணம் வராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகக் கொஞ்சம் கட்டிச் சேர்க்க வேண்டும். பாலிசி எடுக்கும்போதே கேளுங்கள். அதேபோல வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டினால், விபத்து நடந்த பிறகு இழப்பீடு கிடைப்பது கஷ்டம். டாக்ஸிக்கு மஞ்சள் போர்டும் பர்மிட்டும் வேண்டும்.

முதல் காரின் பின்னால் ஒரு பெண்

"இதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம் மேடம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு உண்மைக் கதை. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் முதல் மோட்டார் காரைச் செய்தார். அவருடைய மனைவி பெர்தா, தன் சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே அவர் தொழிலில் போட்டவர். கார் செய்தும் வாங்க ஆள் வரவில்லை. 1888 ஆகஸ்டில் பெர்தா வீட்டுக்காரரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து அம்மா வீடு இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்தக் காரில் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தது, தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தது, செருப்பு தைப்பவரிடம் சொல்லித் தோல் பட்டை அடிக்கவைத்தார். எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினார். மேட்டில் ஏறக் கஷ்டப்படுகிறது, இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னதும் அவர்தான்.

பணமும் அவருடையது, விவரமும் அவருடையது. நம் பக்கமும் குறைவில்லை. 1993-ல் நாகர்கோவிலில் அரசு பஸ் ஓட்ட ஆரம்பித்த வசந்தகுமாரியை நம் தமிழ்நாடே அறியும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் காருக்கு வயர் பின்னும் பெண்களில் நம் உறுப்பினர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். செய்யத் தெரிந்த கைக்குப் புரிந்துகொள்ளவும் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் என்ன செய்யலாம்?

காரின் முன் டிராயரில் ஒரு புத்தகம் இருக்கும். இங்கிலீஷில் இருந்தாலும் படங்கள் எல்லாருக்கும் பொது. படிக்கும் மகளை உட்கார வைத்து விளக்குப் படங்கள் உள்ள பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சர்வீஸ் எத்தனை கிலோமீட்டருக்கு, எத்தனை மாதத்துக்கு என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. இன்சூரன்ஸ் முடியும் தேதியையும் தவணைத் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இனி வண்டிக் கடன் மனு வரும்போது, 'உறுப்பினர் காரின் எச்சரிக்கை விளக்குகளைத் தெரிந்துகொண்டார்' என்று தீர்மான நோட்டில் ஒரு வரி சேர்க்கலாமே! ஊக்குநர்கள் யோசித்துப் பாருங்கள்.

நம் அக்கா இப்போது தவணையை ஒழுங்காகக் கட்டிவருகிறார். காரில் ஏறியதும் பெல்ட் போட்டுக்கொண்டு, முதலில் எட்டி அந்தப் பலகையைத்தான் பார்க்கிறாராம். "எல்லா விளக்கும் அணைஞ்சுது. இப்ப எடுடா வண்டிய" என்று அவர் சொன்ன பிறகுதான் மகன் கியர் போடுகிறான்.