அளக்கும் கை யாருடையது?

கறவையும் கணக்கும் – 12

நவம்பர் 26 தேசிய பால் தினம். வர்கீஸ் குரியன் பிறந்த நாள். இந்திய பால்வள சங்கம் 2014-ல் இந்த நாளைக் கொண்டாடத் தொடங்கியது. ஜூன் 1-ல் வரும் உலக பால் தினம் வேறு. குரியன் 1921-ல் கோழிக்கோட்டில் பிறந்தார். சென்னை லயோலாவில் இயற்பியலும் கிண்டியில் பொறியியலும் படித்தார். பால் தொழிலுக்கு வரவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பியவரை, ஒப்பந்தப்படி 1949 மே மாதம் குஜராத்தின் ஆனந்துக்கு அனுப்பிவைத்தார்கள். எப்போது விடுவிப்பார்கள் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த இளைஞர் கடைசிவரை அந்த ஊரிலேயே இருந்துவிட்டார்.

இந்தக் கதை பலரும் அறிந்ததுதான். ஆனால், குரியன் ஆனந்தில் வந்து இறங்கும் முன்பே அங்கே ஒரு போராட்டம் நடந்து முடிந்திருந்தது. பால் தின மேடைகளில் அதை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். இந்த வாரம் அதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நெல்லைக் குதிரில் கொட்டிவைத்து விலை ஏறும் வரை பொறுத்திருக்கலாம். பருத்தியை மூட்டை கட்டி வீட்டில் போட்டுவைக்கலாம். பாலுக்கு அந்த அவகாசம் கிடையாது. விடியற்காலையில் கறந்தது வெயில் ஏறுவதற்குள் யாரிடமாவது போய்ச் சேராவிட்டால் திரிந்துவிடும். விற்கிறவருக்கு அவசரம், வாங்குகிறவருக்கு அவசரம் இல்லை. பால் வியாபாரத்தில் நடந்த அநியாயங்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் பிறந்தன. அளப்பவர் சொல்வதுதான் அளவு. தண்ணீர் கலந்திருக்கிறது என்று அவர் சொன்னால் கலந்ததுதான்.

1945-ல் பம்பாய் நகரத்துக்குப் பால் அனுப்ப அரசு ஒரு திட்டம் போட்டது. 400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் கேடா மாவட்டத்திலிருந்து, ஆனந்த் வழியாகப் பால் போகவேண்டும். கொள்முதல் உரிமை போல்சன் என்ற ஒரே நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. பம்பாய்க்காரர் கொடுத்த விலைக்கும் கறந்தவர் கைக்கு வந்த காசுக்கும் நடுவே ஒப்பந்தக்காரர்கள் இருந்தார்கள். விவசாயிகள் சர்தார் வல்லபபாய் படேலிடம் போய் முறையிட்டார்கள். அவருக்கும் அதுதான் சொந்த மாவட்டம். மனு எழுதச் சொல்லி அவர் அனுப்பிவிடவில்லை. நீங்களே சங்கம் வைத்து, நீங்களே பதப்படுத்தி, நீங்களே விற்றால்தான் இதற்கு விடிவு என்றார். விவசாயிகளைத் திரட்ட மொரார்ஜி தேசாயை அனுப்பிவைத்தார்.

1946 ஜனவரி 4 அன்று சமர்க்கா கிராமத்தில் கூட்டம் கூடியது. ஊருக்கு ஒரு சங்கம், மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியம், அரசு ஒன்றியத்திடம்தான் வாங்கவேண்டும், இல்லாவிட்டால் யாருக்கும் ஒரு சொட்டுப் பால் கிடையாது என்று முடிவானது. அரசு இசையவில்லை. பதினைந்து நாள் கேடா மாவட்டத்திலிருந்து பம்பாய்க்குப் பால் போகவில்லை. அன்றாடம் பால் காசில் அடுப்பெரியும் வீடுகளுக்குப் பதினைந்து நாள் என்பது சின்ன விஷயமா? மாட்டுக்கு வேலைநிறுத்தம் தெரியாது. இரண்டு வேளையும் கறந்தாகவேண்டும், தீவனமும் வைத்தாகவேண்டும். அத்தனையும் தாங்கி அந்த மக்கள் நின்றார்கள். பம்பாயிலிருந்து பால் ஆணையர் நேரில் வந்து பார்த்தார், அரசு கோரிக்கையை ஏற்றது. அதே ஆண்டு டிசம்பர் 14-ல் கேடா மாவட்டக் கூட்டுறவு ஒன்றியம் பதிவானது. 1948-ல் பால் அனுப்பத் தொடங்கியபோது சங்கங்கள் இரண்டே இரண்டு, பால் ஒரு நாளைக்குச் சுமார் 250 லிட்டர். பிற்பாடு உலகம் அறிந்த அமுல் இதுதான்.

அந்த ஒன்றியத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் படேல். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். ஊர் ஊராகப் போய்ச் சங்கம் அமைத்தவர் அவர். ஆனந்தை விட்டுக் கிளம்பத் தயாராக இருந்த குரியனைப் பிடித்து நிறுத்தியவரும் அவரே. ஒன்றியத்தின் பழைய இயந்திரங்களை ஓட்டிக்கொடுக்கக் குரியனிடம் உதவி கேட்டுவந்தார். புதிய இயந்திரம் வாங்காமல் இது உருப்படாது என்று குரியன் சொன்னதும் பணம் திரட்டி வாங்கினார். ‘இயந்திரம் வந்து சேரும் வரையாவது இரு’ என்று கேட்டுக்கொண்டார். அன்றாட நிர்வாகத்தில் தலையிடாமல், அரசியல்வாதிகளையும் உள்ளே விடாமல், ஓர் இளம் பொறியாளரை முழுமையாக நம்பிய தலைவர் அவர். 1963-ல் மகசேசே விருது குரியனுக்கும் இவருக்கும் பம்பாயின் தாரா குரோடிக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரிபுவன்தாஸ் பெயர் தெரியாது. 2025-ல் ஆனந்தில் அமைந்த கூட்டுறவுப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது மிகவும் தாமதமாகக் கிடைத்த மரியாதை.

குரியனின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. எருமை கோடையில் கறப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு குளிர்காலத்தில் கறக்கும். அவ்வளவையும் பம்பாய் வாங்காது. மிஞ்சும் பாலைப் பொடியாக்கவேண்டும். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், பொடியாக்கவே முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சாதித்தார்கள். குரியனின் நண்பர் எச்.எம். தலாயா செய்துகாட்டினார். 1955 அக்டோபர் 31 அன்று நேரு திறந்துவைத்த ஆலையில் எருமைப் பால் பொடியானது. குளிர்காலத்தில் பாலைத் திருப்பி அனுப்பாமல் சங்கம் வாங்கிக்கொள்ள முடிந்தது இதனால்தான்.

1964-ல் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்துக்கு வந்தார். பிரதமர் வந்தால் நடக்கும் வழக்கமான ஏற்பாடுகளைத் தவிர்த்து, அஜர்புரா கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கினார். ஊர் மக்களோடு உட்கார்ந்து பேசினார். மறுநாள் குரியனிடம் அவர் கேட்டது நல்ல கேள்வி. இங்கே மண்ணும் சாதாரணம், மழையும் சாதாரணம், எருமையும் எங்கள் உத்தரப் பிரதேச எருமையைவிட உசத்தி இல்லை, பிறகு இது மட்டும் எப்படி நடந்தது? பால் பண்ணை விவசாயிகளுக்குச் சொந்தம், அதை நடத்துகிறவர் அவர்களிடம் சம்பளம் வாங்குகிறவர், அவ்வளவுதான் வித்தியாசம் என்பதைச் சாஸ்திரி புரிந்துகொண்டார். 1965-ல் தேசிய பால்வள வாரியம் பிறந்தது. டெல்லியில் அல்ல, ஆனந்தில்.

1970-ல் தொடங்கி 1996 வரை மூன்று கட்டமாக நடந்த வெண்மைப் புரட்சி இதன் தொடர்ச்சி. ஐரோப்பாவில் மலையாகக் குவிந்திருந்த பால் பவுடரும் வெண்ணெய்க் கொழுப்பும் இலவசமாக வந்தன. இலவசத்தை இலவசமாகவே கொடுத்திருந்தால் உள்ளூர் மாடு வளர்ப்பவர் அழிந்திருப்பார். அப்படிச் செய்யாமல் அதைப் பாலாக்கி மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் நியாய விலைக்கு விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு கிராமச் சங்கங்களை வளர்த்தார்கள். 1950-51-ல் நாட்டின் பால் உற்பத்தி 1.7 கோடி டன். 2023-24-ல் ஏறத்தாழ 23.9 கோடி டன். 1998-லிருந்து உலகில் முதலிடம்.

இதற்கு எதிராகச் சொல்லப்பட்ட ஒன்றையும் மறைக்கக் கூடாது. மாடு வைத்திருந்த வீட்டில் அக்கம்பக்கத்தாருக்கு மோர் சும்மா கிடைத்தது. சொசைட்டி வந்தபின் பால் மொத்தமும் கேனுக்குப் போனது, பிள்ளைகளுக்குக் கடுங்காப்பி மிஞ்சியது என்றார்கள். பல ஊர்களில் இது உண்மை. என் கருத்தில், கையில் வந்த காசும் உண்மை. அந்தக் காசில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் ஏராளம்.

நம் ஊருக்கு வருவோம். சென்னையில் 1927-லேயே அயனாவரத்தில் பால் கூட்டுறவு ஒன்றியம் இருந்தது. ஆனந்த் மாதிரியான மூன்றடுக்கு முறை, அதாவது கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்பது, 1981-ல் இணையம் அமைந்தபோது முழு வடிவம் பெற்றது. ஆவின் என்பது அதன் வணிகப் பெயர்.

விடிவதற்கு முன் ஏதாவது ஒரு கிராமச் சொசைட்டி வாசலில் நின்று பாருங்கள். தூக்குவாளியோடும் சின்ன கேனோடும் வரிசை நிற்கும். அதில் பாதிக்கு மேல் பெண்கள். ஒருத்தர் பாலை ஊற்ற, பணியாளர் எடை பார்த்து, கொஞ்சம் பாலைச் சின்னக் குப்பியில் எடுத்துக் கருவியில் வைப்பார். கொழுப்பு 4.1, இதரச் சத்து 8.2 என்று எண் விழும். அந்த இரண்டு எண்களுக்கும் ஏற்பத்தான் லிட்டருக்கு விலை. முன்பு லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். கொழுப்புக்கு அமிலம் ஊற்றிச் சுழற்றிப் பார்க்கும் கெர்பர் முறை இருந்தது. இப்போது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. சீட்டில் அச்சாகி வரும் அந்த எண்தான் கேடா விவசாயிகள் பதினைந்து நாள் பால் அனுப்பாமல் நின்று கேட்ட நியாயம்.

அந்தச் சீட்டு எல்லா ஊரிலும் கைக்கு வருகிறதா என்றால், இல்லை. கருவி பழுது என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே சராசரி விலை போடும் சங்கங்கள் இன்றும் உள்ளன. புண்ணாக்கும் தவிடும் வாங்கிப்போட்டு நல்ல பால் ஊற்றுகிறவருக்கும் தண்ணீர் விட்டு ஊற்றுகிறவருக்கும் ஒரே விலை என்றால், நல்ல பால் ஊற்றுகிறவர் எத்தனை நாள் பொறுப்பார்? பக்கத்தில் நிற்கும் தனியார் வண்டிக்கு மாறிவிடுவார். பால் பணப் பட்டுவாடா தள்ளிப்போகும் ஊர்களிலும் இதே கதைதான். 2022 நவம்பரில் பசும்பாலுக்கான கொள்முதல் விலை 32-லிருந்து 35 ரூபாயாக உயர்ந்தது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. தீவன விலை ஏறிய ஏற்றத்துக்கு இது போதாது என்பதே என் எண்ணம். ஆனால் விலையை எவ்வளவு உயர்த்தினாலும், அளவும் சோதனையும் நேர்மையாக இல்லாவிட்டால் உயர்ந்த விலை உரியவருக்குப் போய்ச் சேராது.

இன்னொன்று. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, சாணி அள்ளுவது, புல் அறுப்பது, கறப்பது, மடிநோய் வந்தால் முதலில் கண்டுபிடிப்பது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் பல வீடுகளில் இருப்பது கணவர் பெயர். பேரவைக் கூட்டத்தில் கைதூக்கும் உரிமையும் பால் பணம் ஏறும் வங்கிக் கணக்கும் அவர் பெயரில்தான். சொந்தக்காரர்களே நடத்துவது என்ற கூட்டுறவின் அடிப்படைக்கு இது பொருந்தாது.

இதைப் படிக்கிறவர்களில் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் குடும்பத்தார் இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு வேளையும் சோதனை எண் அச்சிட்ட சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கொடுக்காவிட்டால் ஆண்டுப் பேரவையில் எழுந்து நின்று கேளுங்கள். மாட்டைக் கறக்கிறவர் பெயரில் உறுப்பினர் விண்ணப்பம் கொடுங்கள்.

(தொடரும்)