ஸ்டில் மரபணுவும் உறவுத் திருமணமும்

தாய்மாமனுக்கோ அத்தை மகனுக்கோ பெண் கொடுக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் நெடுங்காலமாக வேரூன்றியது. 1980 முதல் 1989 வரை மைசூரிலும் பெங்களூரிலும் குழந்தை பெற்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றித் திரட்டிய தகவல்கள், ஏறத்தாழ மூன்றில் ஒரு திருமணம் நெருங்கிய உறவுக்குள் நடந்ததைக் காட்டின. இத்தகைய மணங்களில், பொது முன்னோர் ஒருவரிடமிருந்து வழிவழியாக வந்த பழுதுபட்ட மரபணு கணவன், மனைவி இருவரிடமும் ஒவ்வொரு பிரதியாக இருக்கக்கூடும். அவர்கள் நலமாகவே வாழ்ந்தாலும், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் இரு பழுதுகளையும் பெற நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

மூளை போதிய அளவு வளராமல் தலை சிறுத்து, அறிவு வளர்ச்சியும் குன்றும் பிறவிச் சிறுதலையின் ஒரு வகை இவ்வாறு வருவதே. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அருண் குமார், நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர் சதீஷ் கிரிமாஜி ஆகியோர் அடங்கிய குழு, இந்நோய்க்கு அதுவரை அறியப்பட்டிருந்த ஆறு மரபணு இடங்களோடும் தொடர்புபடாத 24 குடும்பங்களை ஆராய்ந்து, அவற்றுள் ஐந்தின் நோய் முதலாம் குரோமோசோமின் ஒரு பகுதியோடு சேர்ந்தே இறங்குவதைக் கண்டது. ஏறத்தாழ 84 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட அப்பகுதியில் தேடியபோது, ரத்தப் புற்றுநோய் ஆய்வில் முன்பே அறிமுகமாகியிருந்த ‘ஸ்டில்’ என்னும் மரபணுவில், புரதத்தைப் பாதியிலேயே முடித்துவிடும் மூன்று வெவ்வேறு பிழைகள் மூன்று குடும்பங்களில் அகப்பட்டன. 2009-இல் அம்முடிவு வெளியாயிற்று.

செல் பிரியும்போது குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பகிர்ந்து இரு பக்கமும் இழுக்கும் இழைக்கதிரை, சென்ட்ரோசோம் என்னும் நுண்ணுறுப்பு இரு முனைகளிலும் நின்று ஒழுங்குபடுத்துகிறது. அதன் நடுவிலுள்ள சென்ட்ரியோல்கள் பிரிவுக்கு முன் இரட்டிக்க ஸ்டில் புரதம் தேவை என்பது பின்வந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. கருவின் மூளையில் நரம்பு மூலச்செல்கள் பலமுறை பிரிந்து பெருகவேண்டிய வேளையில் இவ்வொழுங்கு தளர்ந்தால், நியூரான்களின் எண்ணிக்கை குறைந்து மூளை சிறுத்துவிடுகிறது.

தம் குழந்தைகளின் நோயோடு போராடிக்கொண்டே இக்குடும்பங்கள் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்திராவிட்டால் இந்த அறிவு கிட்டியிராது. ஆதலால் உறவில் மணமுடித்தோரைப் பழிப்பதை விடுத்து, பழுதைச் சுமப்போரைக் கண்டறியும் பரிசோதனையையும், அடுத்த கருத்தரிப்புக்கு முன் மரபியல் ஆலோசனையையும் அவர்கள் எளிதில் பெறச் செய்வதே சமூகத்தின் கடமையாகும்.