ஆறாத தையல்

மார்பக அழகு சிகிச்சைக்குப் பிறகு வரும் தொற்றுகளில் பெரும்பாலானவை அறுவை முடிந்த முதல் சில வாரங்களிலேயே தலைகாட்டிவிடும். ஒரு பக்கம் மட்டும் சிவந்து வீங்கும், தொட்டால் சுடும், காய்ச்சலும் வரலாம். நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ்தான் பெரும்பாலும் காரணம். சிவப்பு முடிகிற ஓரத்தில் டாக்டர் பேனாவால் ஒரு கோடு போடுவார். மருந்து தொடங்கி இரண்டு நாளில் சிவப்பு கோட்டுக்குள் சுருங்கினால் நிம்மதி. தாண்டினால் அட்மிஷன், டிரிப்ஸில் மருந்து, உள்ளே நீர் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத தொற்று ஒன்று உண்டு. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

2013, 2014இல் டொமினிகன் குடியரசுக்குப் போய் அழகு அறுவை செய்துகொண்டு அமெரிக்கா திரும்பிய 21 பேருக்குத் தையல் போட்ட இடங்கள் ஆறவே இல்லை. கொழுப்பு உறிஞ்சுதல், வயிற்றுத் தோல் இறுக்குதல், மார்பக அறுவை எல்லாம் அதில் அடக்கம். சிகிச்சை விவரம் கிடைத்த அத்தனை பேருக்கும் மறுபடி கத்தி வைக்க வேண்டியிருந்தது. பலருக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ மருந்து எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு அதே நாட்டின் தலைநகர் சாந்தோ டொமிங்கோவில் அறுவை செய்துகொண்டவர்களையும் இதே கிருமிதான் படுத்தியிருந்தது. பெயர் மைக்கோபாக்டீரியம் ஆப்செசஸ்.

காசநோய்க் கிருமிக்குப் பங்காளி இது. மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழும். குளோரினுக்குச் சுலபத்தில் சாகாது. கருவியை மருந்துக் கரைசலில் ஊறவைத்துவிட்டுக் கடைசியில் குழாய் நீரில் அலசினால் போதும், உள்ளே போய்விடும். லேப்ராஸ்கோப்பி செய்த துளைகளில் இந்த வகைக் கிருமிகள் புகுந்த கதைகள் நம் நாட்டிலும் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், இது நிதானமாக வரும். தையல் பிரித்து, எல்லாம் சரி என்று வேலைக்குத் திரும்பிய பிறகு, வடுவின் ஓரத்தில் பட்டாணி அளவில் ஊதா நிறக் கட்டி எழும். அதிக வலி இருக்காது, காய்ச்சலும் இருக்காது. உடைந்து கொஞ்சம் நீர் வடியும், மூடும், பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். ஒரு டாக்டர் ஒரு ஆன்டிபயாடிக், அடுத்தவர் வேறொன்று. சீழை லேபுக்கு அனுப்பினாலும், வழக்கமான கல்ச்சர் தட்டுகளை இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுவார்கள். இந்தக் கிருமி வளர ஒரு வாரம்கூட ஆகலாம். ‘கிருமி வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வரும். அந்தக் காகிதத்தை நம்பித்தான் பலர் மாதங்களை இழக்கிறார்கள். மைக்கோபாக்டீரியம் கல்ச்சர் வேண்டும் என்று தனியாக எழுதி அனுப்ப வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்து: எதற்கும் இருக்கட்டும் என்று காசநோய் மாத்திரையை ஆரம்பிப்பது. வழக்கமான காசநோய் மருந்துகள் ஆப்செசஸிடம் பலிக்காது. எந்த மருந்துக்கு இது மடியும் என்று சோதித்துப் பார்த்து, ஒன்றுக்கு இரண்டு மூன்றாகச் சேர்த்து, மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். அவற்றில் ஒன்றாக அமிகாசின் ஊசி போட்டால் காது, சிறுநீரகம் இரண்டையும் கண்காணிக்க வேண்டும்.

உள்ளே சிலிக்கான் இம்ப்ளான்ட் இருந்தால் அதை எடுத்துவிடுவதே பெரும்பாலும் நல்லது. அதன் மேல் கிருமிகள் படலம் கட்டி ஒளிந்துகொள்ளும். மருந்து அங்கே எட்டாது. தொற்று முழுக்க அடங்கி, பல மாதம் கழித்தே புதிதாக வைப்பதைப் பற்றிப் பேசலாம். பணம் கொடுத்து வைத்ததை எடுக்க மனம் வராதுதான். ஆனால் காப்பாற்றப் பார்த்துத் தோலையே இழந்தால் பிறகு சரிசெய்வது இன்னும் கடினம்.

அறுவை எந்த ஊரில், எந்தத் தேதியில், என்ன வைத்தார்கள் என்ற விவரமுள்ள டிஸ்சார்ஜ் காகிதத்தையும் இம்ப்ளான்ட் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். வடுவில் கட்டி எழுந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் அவற்றை டாக்டரிடம் முதலிலேயே காட்டுங்கள்.

(தொடரும்)