பெட்ரோல் ஆவியும் அதனைக் காக்கும் உணரியும்

பெட்ரோல் நீர்மமாய் இருக்கும்போது நம் கண்ணுக்குப் புலப்படுகிறது, ஆவியானதும் மறைந்துவிடுகிறது. மறைந்தமையால் அஃது இல்லாமற் போய்விடுவதில்லை. எஞ்சின் ஓடாது நிற்கும் ஊர்தியின் டேங்கிலிருந்தும் ஆவி எழுந்துகொண்டே இருக்கிறது. வெயில் ஏற ஏற மிகுகிறது. இவ்வாவியை அடக்கியாளும் அமைப்பில் பழுது நேருங்கால், வீட்டிலேயே எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்தல் கூடாது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

அமைப்பின் தோற்றம்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை 1940களில் கண்ணெரிச்சலூட்டும் புகைமூட்டம் சூழ்ந்தது. எரியாத பெட்ரோலின் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கதிரவன் ஒளியில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்பதை, 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். ஆவியை வெளிவிடாது தடுக்கும் ஏற்பாடு 1970இல் கலிபோர்னியாவிலும் 1971இல் அமெரிக்கா முழுவதிலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. 1996 முதல், பழுதைத் தானே கண்டு விளக்கெரித்துக் காட்டும் தற்சோதனை அமைப்பும் அங்குக் கட்டாயமாயிற்று. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பி.எஸ். 6 விதிகளின்படி, இருசக்கர ஊர்திகளும் ஆவி வெளியேற்ற வரம்பிற்கு உட்பட்டவையே.

இயங்கும் முறை

டேங்கில் எழும் ஆவி ஒரு குழாய் வழியே கேனிஸ்டர் எனப்படும் கரிக்கலத்தை அடைகிறது. அதிலுள்ள நுண்துளைக் கரி ஆவியைப் பற்றி வைத்துக்கொள்கிறது. எஞ்சின் ஓடிச் சூடேறிய பின்னர்ப் பர்ஜ் வால்வு திறக்கிறது. எஞ்சினின் உறிஞ்சு விசையால் வெளிக்காற்று கரியினூடே பாய்ந்து ஆவியைச் சுமந்து சென்று எரிகிறது. அவ்வெளிக்காற்று நுழையும் வாயிலே வென்ட் வால்வு ஆகும்.

டேங்கின் உள்ளழுத்தத்தை அளப்பது அழுத்த உணரி. எல்லா ஊர்திகளிலும் இவ்வுணரி இல்லை. உள்ளவற்றில், கணிப்பொறி குறித்த வேளைகளில் வால்வுகளை மூடி அழுத்தம் நிலைத்து நிற்கிறதா எனச் சோதிக்கிறது. நிலைக்கவில்லையெனில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது.

சாட்சியும் குற்றமும்

இவ்விடத்தில்தான் பலரும் தடுமாறுகின்றனர். விளக்கு எரிந்தவுடன் உணரி கெட்டுவிட்டது எனக் கருதிப் புதியது வாங்கி மாட்டுகின்றனர். சில நாளில் விளக்கு மீண்டும் எரிகிறது. உணரி பெரும்பாலும் சாட்சியே; குற்றம் வேறிடத்தில் இருக்கலாம். எனவே ஸ்கேனர் கருவியால் பழுதுக் குறியெண்ணைப் படித்தல் முதற்கடமை. பி 0442 சிறு கசிவையும், பி 0455 பெருங்கசிவையும் குறிக்கும். பி 0452, பி 0453 ஆகியனவே உணரியின் மின்சுற்றைச் சுட்டுவன.

கசிவுக்குரிய எண் வந்தால் முதலில் டேங்க் மூடியைப் பார்க்க வேண்டும். அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ, அழுக்குப் படிந்திருந்தாலோ, மூடி முழுதும் இறுகாதிருந்தாலோ அதுவே போதிய காரணமாகும். மூடி செம்மையாயின், ரப்பர்க் குழாய்களில் வெடிப்பும் எலிக்கடியும் உளவா, இணைப்புகள் கழன்றுள்ளனவா என நோக்குக. அடுத்து, எஞ்சின் ஆறியபின் பர்ஜ் வால்வைக் கழற்றிச் சோதிக்கலாம். மின்சாரம் இல்லாதபோது அது மூடியிருத்தல் வேண்டும். சிறு கைப்பம்பினால் காற்றைச் செலுத்துகையில் தடையின்றிப் பாய்ந்தால் வால்வு கெட்டது. வாயால் ஊதுதலும் உறிஞ்சுதலும் ஆகா. பெட்ரோல் நிரப்பியவுடன் எஞ்சின் எளிதில் கிளம்பாமையும் இவ்வால்வு மூடாதிருப்பதன் அறிகுறியாகலாம்.

உணரிக்குரிய எண் வந்தால், முதலில் அதன் மின்னிணைப்பில் பச்சைக்களிம்பு பிடித்துள்ளதா, கம்பி அறுந்துள்ளதா எனக் காண்க. பின்னர் எஞ்சினை ஓட்டாது சாவியை மட்டும் திருப்பி, டேங்க் மூடியைத் திறந்து ஸ்கேனரில் அழுத்தத்தைப் பார்க்கலாம். மூடி திறந்த டேங்கின் உள்ளும் புறமும் அழுத்தம் ஒன்றே. ஆதலின் அளவு சுழியத்தை ஒட்டி இருத்தல் வேண்டும். அவ்வாறின்றி மிகுந்தோ குறைந்தோ காட்டினால், உணரியோ கம்பியோ பழுதுற்றது என்பது தெளிவு. உணரிக்கு வரும் கம்பிகளுள் ஒன்றில் பொதுவாக 5 வோல்ட் இருக்கும்; அது வந்து சேர்கிறதா என மல்டிமீட்டரால் அளந்தறியலாம். உரிய அளவுகள் ஊர்திக்கு ஊர்தி வேறுபடுவதால் கையேட்டைத் துணைக்கொள்க.

காவல்

இவ்வேலையில் உயிருக்கே இடர் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள அடுப்பிலும் பற்றும். ஆகவே காற்றோட்டமான வெளியிடத்திலேயே வேலை செய்தல் வேண்டும். புகைபிடித்தலும் சுடரும் தீப்பொறியும் அருகில் ஆகா. சோதனை முடிந்து பாகங்களைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுதல் நலம். தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கசிவு தேடுவதற்காகக் கம்ப்ரசர் காற்றை டேங்கினுள் செலுத்தலாகாது. பல கார்களில் உணரி டேங்கின் மேற்புறத்தில் உள்ளது. பின்னிருக்கையின் கீழ் மூடியைத் திறந்து எட்டக்கூடுமாயின் கைதேர்ந்தோர் மாற்றலாம், டேங்கையே இறக்க வேண்டுமெனில் அது பணிமனைக்குரிய வேலை, வீட்டில் முயலற்க.

வருமுன் காக்கவும் வழியுண்டு. பங்கில் குழாய் தானே நின்றபின்னும் வற்புறுத்தி நிரப்புவோர் பலர். மிகுதியான பெட்ரோல் கரிக்கலத்தினுட் சென்று கரியைப் பாழாக்கும். முதல் நிறுத்தத்தோடு நிறுத்துவதே சிறந்த பராமரிப்பு.

முடிவாக ஒன்று. பழுதைத் தீர்க்காமல் குறியெண்ணை மட்டும் அழித்து விளக்கை அணைத்துவிடுதல் எளிது. ஊர்தி முன்போலவே ஓடும். ஓட்டுபவர்க்கு இழப்பொன்றும் தோன்றாது. ஆயினும் பெட்ரோலாவியில் புற்றுநோய் விளைக்கும் பென்சீன் உண்டு. அதனை முதலில் சுவாசிப்போர் அவ்வூர்தி நிற்கும் வீட்டாரும் அண்டை அயலாருமே. விளக்கு எரிவது தொல்லை தருவதற்கன்று. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்டுவதற்கே. அதன் காரணத்தை நாடி நீக்குவது ஊர்தியுடையார் ஒவ்வொருவரும் தம் தெருவிற்குச் செய்ய வேண்டிய கடமை என்பதே நம் துணிபு.