டாப் 10 எங்கிருந்து வந்தது?

போன மாதம் இதே சுவரில் 'நம்ம பள்ளி டாப் 10 பாடல்கள்' ஒட்டினோமே, அதனால் வந்த சண்டை யாருக்கும் மறந்திருக்காது. ஓட்டுச் சீட்டை எண்ணியது நான்தான். 9-பி வகுப்பில் 38 பேர். வந்த சீட்டு 61. எண்ணும்போதே எனக்குத் தெரிந்தது. மணி அடிச்சிடுச்சே என்று அப்படியே கூட்டி எழுதிவிட்டேன். முதல் இடமே மாறிப்போச்சு. "இந்த லிஸ்ட் போடுற வழக்கத்தை யாருதான் ஆரம்பிச்சாங்களோ!" என்று தமிழ் ஐயா சலித்துக்கொண்டார். அதைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 'பில்போர்டு' பத்திரிகை 1940-லேயே இசைத்தட்டு விற்பனைப் பட்டியல் போட்டுவிட்டது. ஆனால் எனக்குப் பிடித்தது இங்கிலாந்துக் கதை. அங்கே 'மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் அண்ட் அக்கார்டியன் வீக்லி' என்று ஒரு வாரப் பத்திரிகை மூடும் நிலையில் இருந்தது. (அக்கார்டியன் என்பது தோளில் மாட்டிக்கொண்டு, துருத்தியை இழுத்து இழுத்து வாசிக்கும் பெட்டி.) அதை மாரிஸ் கின் என்பவர் 1,000 பவுண்டுக்கு வாங்கி, 1952 மார்ச் 7-ல் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்று புதுப்பெயரில் வெளியிட்டார். சுருக்கமாக என்.எம்.இ.

பத்திரிகை பிழைக்க விளம்பரம் வேணுமே! அந்த வேலையைப் பார்த்தவர் பெர்சி டிக்கின்ஸ். எந்தப் பாட்டு அதிகம் விற்கிறது என்று வாராவாரம் பட்டியல் போட்டால், இசைத்தட்டுக் கம்பெனிகள் தாமாக விளம்பரம் தரும் என்று கணக்குப் போட்டார். அதுவரை அந்த ஊரில் பாட்டின் புகழை அளந்தது, வீட்டுப் பியானோவில் வாசிக்க வாங்கும் இசைக்குறிப்புத் தாளின் விற்பனையை வைத்துத்தான்.

டிக்கின்ஸ் செய்தது ரொம்ப எளிமை. சுமார் 20 கடைகளுக்குப் போன் போட்டு, "இந்த வாரம் உங்க கடையில் அதிகம் விற்ற 10 பாட்டு எது?" என்று கேட்டார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினார். 1952 நவம்பர் 14-ல் முதல் பட்டியல் வந்தது. பெயர் என்னவோ டாப் 12. உள்ளே இருந்ததோ 15 பாட்டு! சில பாட்டுகள் சமமாக வந்ததால் ஒரே இடத்தில் இரண்டு இரண்டாகப் போட்டுவிட்டார்கள். முதல் இடம் அல் மார்ட்டினோ என்ற அமெரிக்கப் பாடகருக்கு; 9 வாரம் அசையவே இல்லை. பின்னாளில் 'காட்ஃபாதர்' படத்தில் பாடகராகவே நடித்தவர் இவர்தான்.

இதைப் பார்த்து மற்ற பத்திரிகைகளும் ஆளுக்கொரு பட்டியல் போட்டன. குழப்பம் அங்கேதான் ஆரம்பம். 1963-ல் பீட்டில்ஸ் குழுவின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' என்.எம்.இ.யில் முதல் இடம், 'மெலடி மேக்கர்' பத்திரிகையிலும் முதல் இடம். 'ரெக்கார்டு ரீடெய்லர்' பட்டியலில் மட்டும் 2-ஆம் இடம். பிற்காலத்தில் அந்த மூன்றாவதையே அதிகாரப்பூர்வக் கணக்காக எடுத்துக்கொண்டதால், அந்தப் பாட்டு முதலிடப் பட்டியலில் இல்லவே இல்லை. 2000-ல் வந்த அவர்களுடைய '1' என்ற தொகுப்பிலும் சேர்க்கவில்லை. ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

கடைகள் குறைவு என்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எந்தக் கடையில் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், ஆளை அனுப்பி அங்கேயே தட்டுகளை வாங்கவைத்துப் பாட்டை ஏற்றிவிடலாம். அங்கே அதற்கு 'ஹைப்' என்றே பெயர் வந்துவிட்டது. (9-பி நண்பர்களே, நீங்கள் தனி ஆள் இல்லை.) 1969-லிருந்துதான் சுமார் 250 கடைகளின் விற்பனைக் கணக்கை வாங்கி, ஒரே பட்டியல் தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

என்.எம்.இ. 1964 வாக்கில் வாரம் 3 லட்சம் பிரதிகள் விற்றது. பிறகு மெல்ல இறங்கி, 2015-ல் இலவசமாகக் கொடுத்தார்கள். 2018 மார்ச்சில் அச்சு வார இதழ் நின்றது. 2023-ல் இரண்டு மாதத்துக்கு ஒன்றாக மறுபடி காகிதத்தில் வந்தது.

நம்ம அடுத்த பட்டியலுக்கான பெட்டி நூலக வாசலில் வைக்கப்படும். சீட்டில் வகுப்பும் வரிசை எண்ணும் எழுத வேண்டும். ஒருவருக்கு ஒரு சீட்டு. போன மாதப் பட்டியலை நானே கிழித்துவிட்டேன்.

– 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி