குறுகிய வழியும் நுண்குழல் மருத்துவமும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் மனிதர் தலையிலும் தோளிலும் ஏறியே பண்டகசாலை புகுந்தன. அதனை அடுத்த கோட்டைக் கொச்சியிலே, வெளி என்னும் பகுதியில், தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய்த் துணி வெளுத்து வாழ்கின்றன. முதுகின் உழைப்பால் வளர்ந்த ஊர் அது. ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என அனைத்துலகத் தொழில் நிறுவனம் பரிந்துரைத்ததோ 1967-இல்தான்!

அங்கு மட்டுமன்று, சுமை தூக்காத வீடுகளிலும், முதியோர் சிலர், "நாலடி நடந்தால் கால் கனக்கிறது, சற்று உட்கார்ந்தால் சரியாகிறது" என்பர். "வயதாகிவிட்டதல்லவா!" என்று நாமும் வாளாவிருந்துவிடுகிறோம். நாளடைவில் அவர் கடைக்குச் செல்வதை நிறுத்துகிறார்; பின்பு கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் செல்வதை நிறுத்துகிறார். இது வெறும் முதுமைதானா? அன்று. மருத்துவம் உள்ள நோயாகவும் இருக்கலாம்.

நம் இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உள. அவற்றின் நடுவேயுள்ள கால்வாய் வழியே கால்களுக்குரிய நரம்புகள் கற்றையாக இறங்குகின்றன. வயது ஏற ஏற, எலும்புகளுக்கிடையேயுள்ள வட்டு நீர்வற்றிப் புடைக்கிறது. பின்புற மூட்டுகள் பருக்கின்றன. மஞ்சள் நிறத் தசைநார் தடிக்கிறது. மூன்றும் சேர்ந்து நரம்பின் வழியைக் குறுக்குகின்றன. இந்நோயை டச்சு மருத்துவர் வெர்பீஸ்ட் 1954-இல் தெளிவுற விளக்கினார்.

நிமிர்ந்தால் அவ்வழி மேலும் குறுகும். குனிந்தால் சற்றே விரியும். ஆகவேதான், தெருமுனை வரை நடக்க இயலாதவர் சைக்கிளில் நெடுந்தொலைவு செல்வதுண்டு! இரத்தக் குழாய் அடைப்பாலும் நடக்கையில் கால் வலிக்கும். ஆனால் அவ்வலி நின்றாலே தணியும். இதற்கோ உட்காரவோ குனியவோ வேண்டும். ஐயத்தை மருத்துவரின் சோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் தீர்க்கும்.

மருந்தும் உடற்பயிற்சியுமே முதற்படி. பலருக்கு அதுவே போதும். போதாதவர்க்கு அறுவை. பழைய முறையில் முதுகை நீளக் கீறி, தசையை எலும்பிலிருந்து விலக்கி, எலும்பை அகற்றினர். எண்டாஸ்கோப் முறையிலோ ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள ஒன்றிரண்டு துளைகளே போதும். விளக்கும் கண்ணாடி வில்லையும் கொண்ட மெல்லிய குழல் உட்செல்லும். உப்புநீர் இடையறாது ஓடி, குருதியைக் கழுவும். திரையில் தோன்றும் உருவத்தைப் பார்த்தவாறே மருத்துவர் எலும்பைச் சிறிது செதுக்கி, தடித்த நாரை நீக்கி, நரம்பை விடுவிப்பார். தசை அதிகம் சிதையாததால் வலி குறைவு. வீடு திரும்புவதும் விரைவு. எறணாகுளத்திலும் கோவையிலும் சென்னையிலும் இம்முறை இன்று நடைபெறுகிறது.

எனினும், சிறு துளை என்பதால் சிறு செயல் என்று எண்ணற்க. நரம்பைச் சூழ்ந்த உறை கிழியலாம், குருதி தேங்கலாம், சீழ் பிடிக்கலாம். எலும்புகள் நிலைபெயர்ந்து ஆடுமாயின் அவற்றை இணைக்கும் வேறு அறுவையும் தேவைப்படலாம். கருவியினும் அதைக் கையாளும் கையின் பயிற்சியே பெரிது. சிறுநீர் தடைப்பட்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் திடீரெனத் தளர்ந்தாலோ, அன்றே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! பாட்டனாரிடம், "நலமா?" என்று மட்டும் கேளாதீர்கள். "நில்லாமல் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். நாம் கற்ற கல்வி அவ்வொரு கேள்விக்கேனும் பயன்படட்டும்.