மழைக்கு முன்னே ஒரு நோட்டுப் புத்தகம்!

உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?

அவருடைய மகன் அமெரிக்காவில் எந்த ஊரில் இருக்கிறான், பேத்தி என்ன படிக்கிறாள், பென்ஷன் எந்த பாங்கில் வருகிறது... இதெல்லாம் தெரிந்திருக்கும். மாத்திரை மட்டும் தெரியாது. "அது அவங்க சொந்த விஷயம் டாக்டர், நாம எப்படிக் கேக்கறது?" என்பீர்கள். சாதாரண நாளில் நீங்கள் சொல்வது சரிதான். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் நாளில் அது சொந்த விஷயம் இல்லை.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளை நினைத்துப் பாருங்கள். தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அடையாறு கரை தாண்டி வந்தது. கீழ்த்தளம் மூழ்கியவர்கள் மாடிக்கு ஏறினார்கள். மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு என் வைத்தியசாலைக்கு ஒரு அம்மா வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், தினம் இரண்டு வேளை இன்சுலின் போடுகிறவர். வெள்ளத்தில் இன்சுலின் ஃப்ரிட்ஜோடு போய்விட்டது. முதல் நாள் சமாளித்தார். இரண்டாம் நாள் வாந்தி. மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்து, படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிழைத்தது பெரிய காரியம்.

அவர் இதைச் சொல்லிக் கொண்டிருந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொருவர் கேட்டார்: "எந்த இன்சுலின்மா நீங்க போடறது?" அவர் பெயரைச் சொன்னார். "அடடா, அதேதான் என் வீட்டுக்காரருக்கும். பிரிக்காத பாட்டில் ரெண்டு மாடியில இருந்துச்சே!" இரண்டு பேரும் ஒரே தெரு. நடுவில் மூன்று வீடுகள். பதினோரு வருஷமாகப் பழக்கம். ஆனால், சர்க்கரை பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை!

"சித்த வைத்தியருக்கு இன்சுலின் பேச்சு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஆங்கில மருந்தும் சாப்பிடுகிறவர்கள்தான். இன்சுலின் போடுகிறவருக்கு அதற்கு மாற்றாக என்னிடம் எந்தக் கஷாயமும் கிடையாது. இதை நான் ஒளிக்காமல் சொல்வது வழக்கம்.

பருவத்துக்கு ஏற்ற ஒழுக்கம் என்பது சித்த மருத்துவத்தில் முதல் பாடம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பிரித்து, எந்தக் காலத்தில் வளி மிகும், எந்தக் காலத்தில் அழல் மிகும், என்ன சாப்பிடலாம், எதைத் தள்ள வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தோம். இப்போது வானம் அந்தப் பாடத்தை மதிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகைதானே நமக்கு அடைமழை? 2023-இல் மார்கழி பிறந்த கையோடு தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அங்கே வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. கடல் சூடாகிறது, சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது, பெய்தால் மொத்தமாகப் பெய்கிறது. காலம் மாறினால் கால ஒழுக்கமும் மாறத்தானே வேண்டும்? அதைத் தனித்தனி வீடாகச் செய்ய முடியாது, தெருவாகச் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

"அரசாங்கம் பார்த்துக்காதா?" நியாயமான கேள்வி. பார்க்கும். ஆனால் படகு வர எத்தனை மணி நேரம் ஆகும்? அதுவரை பார்க்க வேண்டியது யார்?

ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் 29-ஆம் தேதி அடித்த சூப்பர் புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு பேரிடருக்கென்று தனி ஆணையம் அமைத்தார்கள். கடலோரத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் கட்டினார்கள். கட்டடம் மட்டும் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊர்க்காரர்களையே குழுவாக்கினார்கள். எச்சரிக்கை சொல்ல சிலர், முதலுதவிக்குச் சிலர், முதியவர், கர்ப்பிணி, ஊனமுற்றவரை அழைத்து வரச் சிலர். வெயில் காயும் நாளிலேயே ஒத்திகை. 2013 அக்டோபரில் ஃபைலின் என்ற கடும்புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. பத்தாயிரம் எங்கே, ஐம்பது எங்கே!

அவ்வளவு தூரம் போவானேன்? 2004 சுனாமியில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவ கிராமம் தப்பிய கதை பலருக்குத் தெரியும். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துக் கொடுத்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. தினமும் கடல் அலை எவ்வளவு உயரம் என்று அறிவிக்கப் பயன்பட்ட ஒலிபெருக்கி அது. அதில் கத்தியே ஊரைக் காலி செய்துவிட்டார்கள். கவனியுங்கள், சுனாமிக்கென்று வாங்கிய கருவி இல்லை. தினம் புழங்கியதால் வேலை செய்தது. அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் அன்றைக்குப் பார்த்து பாட்டரி செத்திருக்கும்.

இனி நம் தெருவுக்கு வருவோம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கம்ப்யூட்டரில் போடலாமே என்பார்கள் இளைஞர்கள். போடுங்கள், ஆனால் காகிதத்திலும் இருக்கட்டும். கரண்ட் போனால் எது திறக்கும்? வீட்டுக்கு ஒரு பக்கம். எத்தனை பேர், யார் படியேற முடியாதவர், யார் தனியாக இருப்பவர், தினசரி தப்பக்கூடாத மருந்து என்ன, டயாலிசிஸ் எந்தக் கிழமை, யாருக்கு எட்டாம் மாதம், வெளியூர்ப் பிள்ளையின் போன் எண். அவ்வளவுதான்.

சொல்லிவிட்டேன், செய்வதுதான் கஷ்டம். நம் நடுத்தரக் குடும்பங்களில் நோயை மறைப்பது ஒரு பழக்கம். "வலிப்பு மாத்திரைன்னு எழுதினா நாளைக்குப் பொண்ணுக்கு வரன் பாக்கும்போது வேற மாதிரி ஆயிடும் டாக்டர்" என்று ஒரு தாய் என்னிடம் கண் கலங்கினார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஊர் வாய் அப்படி. எனவே, நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை. மருந்தின் பெயரும் அளவும் போதும். அதையும் ஒட்டிய உறையில் போட்டுக் கொடுக்கட்டும்; தேவைப்பட்ட அன்று மட்டும் பிரிக்கலாம். நோட்டு இரண்டு பேரிடம் மட்டும் இருக்க வேண்டும். இரண்டு பேரும் மாடியில் குடியிருப்பவர்கள், ஒருவராவது பெண். கேட்கப் போகிறவரும் அசோசியேஷன் செயலாளர் தோரணையில் போகாமல், பெண்கள் இரண்டு பேராகப் போனால் காபியோடு பதில் கிடைக்கும்.

இன்னொன்று. குடியிருப்போர் சங்கம் என்றால் சொந்த வீட்டுக்காரர்களை மட்டும் சேர்க்கிறோம். வாடகைக்கு இருப்பவர், வாட்ச்மேன், இஸ்திரி வண்டிக்காரர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, தெருக்கோடிக் குடிசைகளில் இருப்பவர்... இவர்களை விட்டுவிடுகிறோம். எனக்கு இது அறவே பிடிக்காது. மழையில் முதலில் நனைகிறவர்கள் அவர்கள். எந்தக் கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து ஏறும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 2023 டிசம்பரில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் நின்றுபோனது. சுமார் 800 பயணிகளோடு நின்ற அந்த ரயிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டு நாள் சோறு ஆக்கிப் போட்டவர்கள் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள். அவர்கள் ஊரும்தான் தண்ணீரில் இருந்தது!

மருந்து விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஐப்பசி பிறக்கும் முன்பே தினசரி மாத்திரைகள் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், மருந்துச் சீட்டு நகலோடு, உயரமான இடத்தில். இன்சுலின் உள்ளவர்கள் மின்சாரம் நின்றால் பதற வேண்டாம். நம் மண்பானை இருக்கிறதே! பானைக்குள் ஈர மணல் போட்டு, அதற்குள் சிறிய சட்டியை வைத்து, தண்ணீர் படாமல் கவரில் சுற்றிய மருந்தை அதில் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். ஐஸ்கட்டி மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் உதவாது. பக்கத்து வீட்டில் வாங்க நேர்ந்தால் பிரிக்காத பாட்டிலாக இருக்கட்டும். பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, 40 யூனிட் பாட்டிலா, 100 யூனிட் பாட்டிலா என்று பார்த்து அதற்கேற்ற சிரிஞ்சில்தான் போட வேண்டும். மாற்றிப் போட்டால் ஆபத்து. அதனால்தான் நோட்டில் அளவும் வேண்டும் என்கிறேன்.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் பாட்டி காலத்துத் தேற்றான்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசி வைத்தால் மண் படியும். ஆனால் கிருமி சாகாது. தெளிந்ததை இறுத்து, தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது விட்டு இறக்கியே குடியுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவை நோட்டின் அட்டையிலேயே எழுதி வையுங்கள். 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டம், 108 ஆம்புலன்ஸ். இவையும் அட்டையில்.

வெள்ளம் வடிந்த பின் வரும் காய்ச்சலை அலட்சியம் செய்யாதீர்கள். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை அவசியம். நிலவேம்புக் குடிநீர் குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஒன்பது சரக்கு சேர்ந்த நல்ல மருந்துதான், தாராளமாகக் குடியுங்கள். ஆனால் குடித்துவிட்டோமே என்று பரிசோதனையைத் தள்ளிப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நோட்டு போட்டாயிற்று. அடுத்த வருஷம் மழையே இல்லை என்றால்? மறந்துவிடுவோம், அதுதான் நம் சுபாவம். எத்தனையோ தெருக்களில் 2015-க்குப் பிறகு குழு அமைத்தார்கள், கயிறும் டார்ச்சும் வாங்கினார்கள், இரண்டே வருஷத்தில் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் போனது. என் யோசனை, ஆடிப்பெருக்கு அன்று நோட்டைப் புதுப்பியுங்கள். வெள்ளத்தை வணங்கச் சொல்லிக்கொடுத்த நாள்தானே அது! சித்ரான்னம் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். போகும்போதே படியேற முடியாத பெரியவரை நாற்காலியில் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள். எத்தனை பேர் வேண்டும், எந்தத் திருப்பத்தில் இடிக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். பண வசூல் அதிகம் வேண்டாம். பணம் சேர்ந்தால் கணக்குச் சண்டையும் சேரும்.

நோட்டுக்கு மழைக்காலத்தில் மட்டும்தான் வேலை என்று நினைக்காதீர்கள். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கமான மே மாதத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதற்குப் பிறகு 2013-இல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. முன்கூட்டியே எச்சரிக்கை, மருத்துவ ஊழியருக்குப் பயிற்சி, தண்ணீர்ப் பந்தல் என்று. தமிழ்நாடு அரசும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. நீர்மோர், பானகம், நன்னாரி, வெட்டிவேர் ஊறிய பானைத் தண்ணீர் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். ஆனால் எல்லோருக்கும் எல்லாம் ஆகாது. இதய நோயாளிக்கு உப்புப் போட்ட மோரை டம்ளர் டம்ளராக ஊற்றக்கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீர் கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தைப் பாதிக்கும். சர்க்கரைக்காரருக்குப் பானகம் வேண்டாம். யார் வீட்டுக்கு எதைக் கொண்டு போவது என்று பார்க்க மறுபடியும் அதே நோட்டுதான்.

தனியாக இருக்கும் முதியவர் பக்கத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: 'சித்திரை, வைகாசியில் மதியம் 3 மணிக்குக் கதவைத் தட்டுபவர்' என்று. எங்கள் தெருவில் அந்தக் கட்டத்தில் பிளஸ் டூ பையன்கள் இரண்டு பேர் பெயர் இருக்கிறது. லீவில் சும்மாதானே இருக்கிறார்கள்!